புதிய ஓட்டுநர்களுக்கு ‘தகுதிகாண் பருவம்’: கேரளத்தின் யோசனை, தில்லியின் பொறுப்பு

புது தில்லி:

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில் அமைந்துள்ளது வித்துரா. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை இவ்வூரின் வழியாகவே செல்கிறது. கல்லாற்றுக்கு அப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலையுச்சியை அடைய முடியும். விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பயணிகளின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இச்சாலையில் வரிசையாகச் செல்கின்றன. அரசுப் பேருந்துகளுக்கும், தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கும், மருதமலையில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் மாணவர்களுக்கும் இதுவே அன்றாடப் பாதை.

மாலைக்குப் பின் சுற்றுலா வாகனங்கள் மேலே செல்ல வனத்துறை அனுமதிப்பதில்லை. அந்த அளவுக்கு எச்சரிக்கையுடன் நிர்வகிக்கப்படும் சாலை இது. ஆயினும், உரிமம் பெற்று ஒரு நாள் மட்டுமே ஆனவருக்கும் இருபது ஆண்டுகள் வாகனம் ஓட்டியவருக்கும் இடையே சட்டம் இச்சாலையில் எந்த வேறுபாட்டையும் காண்பதில்லை. நேற்றுத் தேர்வில் தேறிய 18 வயது இளைஞர் இன்று மழையில், கார் நிறைய நண்பர்களுடன், உடன் வழிகாட்ட எவரும் இன்றி, அந்த வளைவுகளில் வாகனத்தைச் செலுத்தலாம். அவரைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை.

இது வித்துராவுக்கு மட்டும் உரிய நிலைமை அன்று; நாடு முழுவதற்கும் பொதுவானது. புதிய ஓட்டுநர்களுக்கு முழு உரிமத்தை ஒரே நாளில் வழங்காமல், படிப்படியாக வழங்கும் முறை உலகின் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அதனை முன்வைத்த மாநிலம் கேரளம். ஆனால், அந்த யோசனையைச் சட்டமாக்கும் அதிகாரம் பெரும்பாலும் மத்திய அரசிடமும் நாடாளுமன்றத்திடமும்தான் இருக்கிறது.

களர்கோடு எழுப்பிய கேள்வி

2024 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, ஆலப்புழை அருகே களர்கோடு என்ற இடத்தில், மழையில் சென்றுகொண்டிருந்த கார் ஒன்று கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துடன் மோதியது. காரில் இருந்த 11 பேரும் வண்டானம் அரசு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். ஐந்து பேர் அன்றே உயிரிழந்தனர். ஆறாவது மாணவர் சில நாள்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

மோட்டார் வாகனத் துறை இவ்விபத்துக்குப் பல காரணங்களைச் சுட்டிக்காட்டியது. மழையால் சாலை தெளிவாகத் தெரியவில்லை. வாகனம் பழையது. அளவுக்கு மீறி ஆள்கள் ஏற்றப்பட்டிருந்தனர். ஓட்டியவர் உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

இவற்றுள் அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றியது மட்டுமே அன்றைய சட்டப்படி குற்றம். ஐந்து மாத அனுபவமோ ஐம்பது நாள் அனுபவமோ உள்ள ஒருவர், இரவு நேரத்தில், மழையில், தம் வயதையொத்த நண்பர்களை இருக்கைகள் நிறைய ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்வது குற்றமன்று. அந்த மாணவர்கள் ஒரு திரைப்படம் பார்க்கவே புறப்பட்டனர். அந்த வயதில் எவரும் செய்யக்கூடியதையே அவர்களும் செய்தனர்.

இவ்விபத்தைத் தொடர்ந்து, அதே மாதத்தில், கேரளப் போக்குவரத்து ஆணையர் சி.எச். நாகராஜு ஒரு யோசனையை வெளியிட்டார். புதிதாக உரிமம் பெறுவோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தகுதிகாண் பருவம் இருக்க வேண்டும். அக்காலத்தில் விபத்தோ கடும் விதிமீறலோ இன்றி ஓட்டுவோருக்கே உரிமம் உறுதி செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அரசுப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் தகுதிகாண் பருவம் உண்டு. பிறர் உயிரைப் பணயமாகக் கொண்ட ஓர் உரிமைக்கு அது இல்லை என்பதே அந்த யோசனைக்குப் பின்னுள்ள வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தாலும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளாலும் நிர்வகிக்கப்படுகிறது. இச்சட்டத்தில் படிநிலைகளே இல்லை என்று கூறிவிட முடியாது. முதலாவது படி, பழகுநர் உரிமம். தமிழகத்தில் ‘எல்.எல்.ஆர்.’ என்று பரவலாக அறியப்படும் இவ்வுரிமத்தின் ஆயுள் ஆறு மாதம். பழகுநருடன் உரிமம் பெற்ற ஒருவர், வாகனத்தை நிறுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். வாகனத்தின் முன்னும் பின்னும் ‘எல்’ என்ற சிவப்பு எழுத்துப் பலகை இருக்க வேண்டும்.

ஆனால், பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்தாலே ஒருவர் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அந்த 30 நாள்களில் அவர் எத்தனை மணி நேரம் வாகனத்தைத் தொட்டார், இரவில் ஓட்டினாரா, மழையில் ஓட்டினாரா, மலைப்பாதையில் ஓட்டினாரா என்று எவரும் கேட்பதில்லை. தேர்வில் தேறிய மறுகணமே ‘எல்’ பலகையும், உடன் அமர்ந்தவரும், எல்லாக் கட்டுப்பாடுகளும் ஒருசேர விலகிவிடுகின்றன.

அதன் பின் கிடைப்பது நெடிய ஆயுள் கொண்ட உரிமம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 30 வயதுக்கு முன் உரிமம் பெறுபவருக்கு அது 40 வயது வரை செல்லும். அதாவது, 18 வயதில் தேர்வு பெறும் ஒருவர் 22 ஆண்டுகளுக்கு மறு ஆய்வு ஏதுமின்றி வாகனம் ஓட்டலாம். மது அருந்தி ஓட்டுவதற்கான வரம்பு, அதாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் என்ற அளவு, புதியவருக்கும் பழையவருக்கும் ஒன்றே.

சட்டத்தில் இருக்கும் வேறு சில படிகளும் தேய்ந்துவிட்டன. 16 வயது நிறைந்தவர்கள் 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர வாகனத்தை ஓட்டலாம் என்று சட்டம் கூறுகிறது. அத்தகைய பெட்ரோல் வாகனங்களை இன்று விற்பனைக் கூடங்களில் காண்பது அரிது. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயதும், இலகுரக வாகன உரிமத்துடன் ஓராண்டு அனுபவமும் தேவை என்பது மற்றொரு படி. எனினும், 7,500 கிலோ எடைக்குட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஓட்டுநர்களின் வாழ்வாதாரத்தையும், காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுப்பதையும் மனத்தில் கொண்டு அளிக்கப்பட்ட தீர்ப்பு அது. ஆயினும், சட்டத்தில் எஞ்சியிருந்த ஒரு படியின் எல்லை அதனால் சுருங்கிவிட்டது என்பது மறுக்க முடியாதது.

நியூசிலாந்து தொடங்கிய வழி

உரிமத்தைப் படிகளாகப் பிரிக்கும் முறையை 1987இல் முதன்முதலாக முழு அளவில் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து. அங்கே உரிமம் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் நிலையில் உடன் ஒருவர் இருந்தே ஓட்ட வேண்டும். இரண்டாம் நிலையில் தனியே ஓட்டலாம். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டக்கூடாது. அனுபவமுள்ளவர் உடன் இல்லாதபோது பிறரை ஏற்றக்கூடாது. இவ்விரண்டையும் கடந்தவருக்கே முழு உரிமம்.

இம்முறையின் அடிப்படை எளிது. புதிய ஓட்டுநர் விபத்தில் சிக்கும் அபாயம், அவர் பழகுநராக இருக்கும்போது மிகக் குறைவு. ஏனெனில் அருகில் ஒருவர் இருக்கிறார். தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில் அந்த அபாயம் உச்சத்தைத் தொடுகிறது. பின்னர் அனுபவம் கூடக் கூடக் குறைகிறது. இரவு நேரமும், உடன் வரும் சம வயது நண்பர்களும் அபாயத்தை மேலும் பெருக்குகின்றனர். எனவே, அனுபவம் சேரும் வரை இவ்விரண்டையும் விலக்கி வைப்பதே படிநிலை உரிமத்தின் நோக்கம். ஓட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கமன்று.

உலகெங்கும் வாழும் தமிழர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. கனடாவில் தமிழர்கள் மிகுதியாக வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 1994 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. ‘ஜி1’ உரிமம் உள்ளவர் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது. குறைந்தது நான்கு ஆண்டு அனுபவம் கொண்ட ஒருவர் உடன் இருக்க வேண்டும். இரத்தத்தில் மது சிறிதும் இருக்கக்கூடாது. அடுத்த நிலையான ‘ஜி2’ பெற்ற 19 வயதுக்குட்பட்டவர்கள், முதல் ஆறு மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் தம் வயதையொத்த ஒரே ஒரு பயணியை மட்டுமே ஏற்றலாம். குடும்ப உறுப்பினர்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது. டொரன்டோவில் பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் இவ்விதிகளை அறிவர்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்குட்பட்ட பழகுநர்கள் 120 மணி நேரம் ஓட்டிப் பழகியதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவு ஓட்டமாக இருத்தல் வேண்டும். அதன் பின் சிவப்பு நிற ‘பி’ பலகையுடன் ஓராண்டு, பச்சை நிற ‘பி’ பலகையுடன் இரண்டாண்டு கழிந்த பிறகே முழு உரிமம் கிடைக்கும். மலேசியாவில் புதிய ஓட்டுநர்கள் இரண்டு ஆண்டுகள் ‘பி’ எழுத்தைத் தாங்கியே செல்கின்றனர். சிங்கப்பூரில் முதல் ஓராண்டில் 13 தண்டப் புள்ளிகளைப் பெறும் புதிய ஓட்டுநர் உரிமத்தையே இழக்கிறார். பிரிட்டனில் 1997 முதல், உரிமம் பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகிறது. மீண்டும் பழகுநர் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பலன் உண்டா என்ற கேள்விக்கும் விடை உள்ளது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான காக்ரேன் ஆய்வு, இம்முறை அறிமுகமான இடங்களில் 16 வயது ஓட்டுநர்களின் விபத்து விகிதம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. எனினும், அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு வேறோர் உண்மையையும் உணர்த்தியது. கடும் விதிகள் உள்ள அமெரிக்க மாநிலங்களில் 16 வயதினரின் உயிர்ப்பலி விபத்துகள் குறைந்தன. 18 வயதினரிடையே அவை சற்றுக் கூடின. வயதை மட்டும் வைத்துக் கட்டுப்பாடு விதித்தால், பலர் 18 வயது வரை காத்திருந்து, அனுபவமின்றியே முழு உரிமம் பெற்றுவிடுகின்றனர் என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. 18 வயதில்தான் உரிமமே தொடங்கும் இந்தியாவுக்கு இது முக்கியமான பாடம். கட்டுப்பாடுகள் வயதைச் சார்ந்து அமையாமல், உரிமம் பெற்ற பின் கழிந்த காலத்தைச் சார்ந்து அமைய வேண்டும்.

‘எச்’ கோட்டிலிருந்து உயர் நீதிமன்றம் வரை

கேரளம் இப்பிரச்னையை முதலில் வேறொரு முனையிலிருந்து அணுகியது. ஓட்டுநர் தேர்வையே கடுமையாக்க அது முயன்றது. போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் பொறுப்பேற்ற சில வாரங்களில், 2024 பிப்ரவரியில், ஒரு சுற்றறிக்கை வெளியானது. கார்களுக்கான பழைய ‘எச்’ தேர்வுக்குப் பதிலாக, சாய்வாக நிறுத்துதல், சாலையோரம் இரு வாகனங்களுக்கிடையே நிறுத்துதல், வளைந்து வளைந்து செல்லுதல், மேட்டில் நிறுத்திப் புறப்படுதல் ஆகியவை சேர்க்கப்பட்டன. ஒரு நாளில் நடத்தப்படும் தேர்வுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பயிற்சியாளருக்கும் பிரேக், கிளட்ச் அமைந்த வாகனங்களையும், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களையும் தேர்வுக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது.

அமைச்சரின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஓர் ஆய்வாளர் ஒரே நாளில் எண்ணற்ற பேரைத் தேர்வு செய்தால், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் கம்பிகளுக்கிடையே ‘எச்’ வரைபவர், வித்துராவுக்கு மேலே ஏறும்போது எதிரே இறங்கும் வாகனத்துக்கு என்ன செய்வது என்பதை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. மலைச்சாலையில் மேலேறும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது விதி. ‘எச்’ தேர்வில் அதனைச் சோதிக்க வழியில்லை.

ஆனால், எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் தேர்வுகளைப் புறக்கணித்தன. திருவனந்தபுரம் முட்டத்தறை மைதானம் உள்ளிட்ட இடங்களில் தேர்வுகள் முடங்கின. பல்லாயிரம் விண்ணப்பதாரர்கள் காத்துக் கிடக்கும் நிலையில் தேர்வு வரம்பு குறைக்கப்படுவது நியாயமா என்று பள்ளிகள் கேட்டன. புதிய வாகனங்கள் வாங்கச் சிறு பள்ளிகளிடம் பணம் ஏது என்ற கேள்வியும் எழுந்தது. மே 15ஆம் தேதி அமைச்சருடன் நடந்த பேச்சுக்குப் பின்னரே போராட்டம் முடிவுக்கு வந்தது. தேர்வு எண்ணிக்கை 40 ஆக உயர்த்தப்பட்டது. வாகன வயது உள்ளிட்டவற்றில் தளர்வுகள் அளிக்கப்பட்டன. அடுத்த மாதமே, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் சொந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியது.

வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 மே மாதத்தில் சுற்றறிக்கைக்குத் தடை விதிக்க மறுத்த கேரள உயர் நீதிமன்றம், 2025 ஜூலையில் அதனை ரத்து செய்தது. ஓட்டுநர் தேர்வு எப்படி அமைய வேண்டும் என்பது மத்திய சட்டத்துக்கும் மத்திய விதிகளுக்கும் உட்பட்டது. மாநிலப் போக்குவரத்து ஆணையரின் சுற்றறிக்கையால் அதனை மாற்ற இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தேர்வு முறையை மாற்றவே இயலாத மாநிலம், தகுதிகாண் பருவத்தை மட்டும் சுற்றறிக்கையால் எப்படிக் கொண்டுவர முடியும்? உரிமத்தின் தன்மை, ஆயுள், அதனை நிறுத்திவைக்கும் அல்லது ரத்து செய்யும் காரணங்கள் ஆகியவை அனைத்தும் மத்தியச் சட்டத்தின் பிரிவுகளில் எழுதப்பட்டுள்ளன. எனவே, கேரளத்தின் யோசனை, அது எவ்வளவு நல்லதாயினும், தில்லியின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

தில்லியின் நிலை

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், இயந்திரத்தால் இயங்கும் வாகனங்கள் பொதுப் பட்டியலின் 35ஆவது பதிவாக உள்ளன. மத்திய அரசும் மாநிலங்களும் இதில் சட்டம் இயற்றலாம். முரண்பாடு எழுந்தால் மத்தியச் சட்டமே நிற்கும். ஆனால், 254ஆவது பிரிவின்படி, மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தால், அம்மாநிலத்தில் அது செல்லும். ஆகவே, கேரளத்துக்கோ தமிழகத்துக்கோ வழி முழுதும் அடைபட்டுவிடவில்லை. ஆனால், அவ்வழியும் தில்லியைத் தொட்டே செல்கிறது.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, நாடாளுமன்றம் பெரிதும் நம்பியது அபராதத்தை. சிறார் வாகனம் ஓட்டினால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அச்சிறாருக்கு 25 வயது வரை உரிமம் இல்லை என்றும் கூறப்பட்டது. 18 வயதுக்குக் கீழ் இவ்வளவு கடுமை காட்டும் சட்டம், 18 வயது நிறைந்த மறுநாள் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு படி கூட வைக்கப்படவில்லை. அந்த அபராதங்களும் நிலைக்கவில்லை. 2019 செப்டம்பரிலேயே குஜராத் அரசு பல அபராதங்களைக் குறைத்தது; கேரளமும் குறைத்தது.

2021இல் மத்திய அரசு எடுத்த மற்றொரு முடிவும் இங்கே கவனிக்கத்தக்கது. அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அம்மையங்களில் இலகுரக வாகனப் பயிற்சி நான்கு வாரங்களில் 29 மணி நேரம். அதில் செய்முறை 21 மணி நேரம். பயிற்சியை முடித்தவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு. பயிற்சியின் தரத்தை உயர்த்தும் நோக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால், இதுவும் உரிமத்துக்கு முந்தைய நிலையை மட்டுமே தொடுகிறது. அபாயம் மிகுந்தது உரிமத்துக்குப் பிந்தைய மாதங்கள். அவற்றைப் பற்றி மத்திய விதிகள் மௌனம் காக்கின்றன.

இம்மௌனத்தின் விலை சிறியதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் தமிழகத்துக்கு: 64,105. மூன்றாமிடம் கேரளத்துக்கு: 43,910. 2023இல் நாட்டின் சாலைச் சாவுகள் 1.72 லட்சத்தைக் கடந்தன. களர்கோடு விபத்து நடந்து பத்து நாள்களில், மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில், சாலை விபத்துகள் பற்றிப் பேசும் பன்னாட்டு மாநாடுகளில் தாம் முகத்தை மறைத்துக்கொள்ள முயல்வதாகக் கூறினார். 2030க்குள் சாலைச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பது இந்தியா ஏற்றுக்கொண்ட இலக்கு என்பதும் குறிப்பிடத்தக்கது.

கார் மட்டும் போதாது

வெளிநாட்டு விதிகளை அப்படியே பெயர்த்து எழுதினால் இந்தியாவுக்குப் பயன்படாது. அவை பெரும்பாலும் காரை மனத்தில் கொண்டவை. இங்கே 2022இல் இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர், அதாவது 74,897 பேர், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்ற ஒரே உரிமம் இருந்தால், 18 வயது இளைஞர் 100 சி.சி. வண்டியையும் ஓட்டலாம், 650 சி.சி. வண்டியையும் ஓட்டலாம். பொன்முடிச் சாலையில் விடுமுறை நாள்களில் உறுமிச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள் இந்த ஒரே உரிமத்தில்தான் செல்கின்றன.

இதற்கு மாற்று வழி அருகிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் புதியவர் முதலில் 200 சி.சி. வரையிலான வண்டியை மட்டுமே ஓட்டலாம். ஓராண்டு கழிந்து, மறுபடியும் தேர்வெழுதினால் 400 சி.சி. வரை, மேலும் ஓராண்டு கழிந்து மற்றொரு தேர்வில் தேறிய பிறகே அதற்கும் மேற்பட்ட வண்டிகள். ஐரோப்பிய ஒன்றியமும் 2013 முதல் இதே போன்ற மூன்று படிகளைக் கடைப்பிடிக்கிறது. இந்தியாவில் படிநிலை உரிமம் வருமானால், முதலில் வர வேண்டியது மோட்டார் சைக்கிளுக்கே.

வித்துரா போன்ற ஊர்களின் கவலை

இம்முறைக்கு எதிரான வாதங்களையும் புறந்தள்ள முடியாது. வித்துராவிலும் அதனைச் சுற்றியுள்ள காணிக்காரர் குடியிருப்புகளிலும் தோட்டங்களிலும் வாழ்பவர்களுக்கு வாகனம் என்பது உல்லாசம் அன்று. கடைசிப் பேருந்து சென்ற பின் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், நெடுமங்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ இரவுப் பணி முடித்து வீடு திரும்பவும் இருசக்கர வாகனமே துணை. உரிமம் பெற்ற ஓராண்டுக்கு இரவில் ஓட்டவே கூடாது என்று தில்லியிலிருந்து ஆணை வந்தால், அது முதலில் வாட்டுவது வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவரை அன்று. வேலைக்குச் செல்லும் ஏழை இளைஞரைத்தான்.

எனவே விலக்குகள் தெளிவாக எழுதப்பட வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வேலை, கல்வி, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு இரவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. ஒன்டாரியோவில் குடும்பத்தினரை ஏற்றிச் செல்ல வரம்பில்லை. தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனும், நள்ளிரவில் ஏழெட்டு நண்பர்களுடன் நெடுஞ்சாலையில் விரையும் மாணவரும் ஒரே விதியின் கீழ் வரக்கூடாது. இந்த வேறுபாட்டை எழுதும் திறன் சட்டத்துக்கு உண்டு.

அமலாக்கம் குறித்த அச்சமும் நியாயமானதே. சாலையில் நிற்கும் காவலருக்கு மேலும் ஓர் அதிகாரம் என்றால், மேலும் ஒரு கையூட்டு என்று மக்கள் எண்ணுவதில் வியப்பில்லை. அதனால்தான் தண்டத்தைக் காட்டிலும் பதிவேட்டையே இம்முறை சார்ந்திருக்க வேண்டும். உரிமங்களுக்கென ‘சாரதி’ என்ற தேசிய மின்பதிவு ஏற்கெனவே உள்ளது. யார் எந்த நாளில் உரிமம் பெற்றார் என்பது அதில் இருக்கிறது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் சாலை விதிமீறல்களைப் பதிவு செய்கின்றன. ஒரு விதிமீறல் பதிவாகும்போது ஓட்டியவர் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் எனத் தெரிந்தால், அபராதத்துக்குப் பதிலாக அவரது பருவத்தை ஆறு மாதம் நீட்டிக்கலாம். இரண்டாம் முறை என்றால் மறு பயிற்சிக்கு அனுப்பலாம். கட்டாத அபராதச் சீட்டுகள் குவிந்து கிடக்கும் நாட்டில், உரிமமே கைவிட்டுப் போகும் என்ற அச்சம் கூடுதல் பலனளிக்கக்கூடும்.

இனிச் செய்ய வேண்டியது

தொடக்கமாகச் சில மாற்றங்கள் போதும். 30 நாள் பழகுநர் காலத்தை நீட்டித்து, இரவு ஓட்டத்தையும் உள்ளடக்கிய பயிற்சி மணி நேரத்தை வரையறுத்தல். உரிமம் பெற்ற முதல் ஆண்டுக்குத் தனி அடையாளப் பலகை. அக்காலத்தில் மதுவுக்கு முழுத் தடை. நள்ளிரவுக்குப் பின் குடும்பத்தினர் அல்லாத பயணிகளுக்கு வரம்பு. மோட்டார் சைக்கிள்களுக்குத் திறன் அடிப்படையிலான படிகள். இவற்றுள் பழகுநர் காலம் போன்ற சிலவற்றை மத்திய அரசு விதித்திருத்தத்தின் மூலமே கொண்டுவர முடியும். மது வரம்பு போன்றவற்றுக்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். மத்திய அரசு காலம் கடத்துமானால், கேரளமும், விபத்துகளில் முதலிடம் வகித்த தமிழகமும் தத்தம் சட்டமன்றங்களில் சட்டம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். சுற்றறிக்கை தோற்ற இடத்தில் சட்டம் வெல்லக்கூடும்.

இத்தகைய விதி எதிலும் வாக்கு வங்கி இல்லை. புதிதாக உரிமம் பெறும் 18 வயது இளைஞர், புதிதாக வாக்குரிமை பெறும் இளைஞரும் ஆவார். அவரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை முன்மொழிய எந்தக் கட்சியும் தயங்கும். ஆனால், களர்கோட்டில் இறந்த ஆறு பேரும் அதே வயதினர். மருத்துவராகி அடுத்தவர் உயிரைக் காக்க வேண்டியவர்கள். அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் சொல்லப்படும் இரங்கலை விட, அவர்களுக்குப் பின் வரும் மாணவருக்கு ஓராண்டுக் காலம் பொறுத்திருக்கச் சொல்லும் ஒரு விதியே அதிகம் பயன் தரும்.